பள்ளி திறக்கும் முன்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஜூன் தொடக்கத்தில் பள்ளி திறக்கிறது. விசைப்படகுகள் கடலுக்குப் போக 15ஆம் தேதி ஆகிவிடும். 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்கு அரசு தரும் 8,000 ரூபாய் வீட்டு மளிகைக்கே காணாது. நாட்டுப்படகுக்குத் தடை இல்லைதான். அங்கும் தினம் மீன்பாடு இருக்கிறதா என்ன? காசு இல்லாத இந்த நேரம் பார்த்துத்தான் பிள்ளைகள் புதுப் பை, புது பாட்டில் என்று அடம்பிடிக்கும். அதற்காகக் குழுக் கடன் எடுப்பதையும் தோட்டை அடகு வைப்பதையும் வருடா வருடம் பார்க்கிறேன்.

ராமநாதபுரம் கடைக்குப் பஸ் ஏறும் முன் எங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பாடநூல், நோட்டு, நான்கு செட் சீருடை, பை, காலணி எல்லாம் பள்ளியிலேயே இலவசம். வரத் தாமதமானால் பழையதைத் துவைத்துப் போட்டு அனுப்புங்கள். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டோம்.

போன வருடம் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் சக்கரம் வைத்த பையோடு வந்தான். விலை 1,400 ரூபாய். பஸ் நிறுத்தத்திலிருந்து பள்ளி வரை மணல்தானே? சக்கரம் உருளவில்லை, தலையில் தூக்கிக்கொண்டு வந்தான். பொங்கலுக்குள் ஜிப்பும் போய்விட்டது.

இன்னொரு பிள்ளை, எட்டாம் வகுப்பு. கரும்பலகை தெரியாமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தே எழுதிக்கொண்டிருந்தாள். கடல்பாசி எடுக்கப் போகும் அவள் அம்மா, "கண்ணாடியெல்லாம் இப்ப என்னத்துக்கு சார்?" என்றார். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு மூலம் காசில்லாமலே கிடைத்தது. இதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.

எங்கள் தவறு ஒன்றும் உண்டு. ஆண்டு விழாவில் ஒரு பாட்டுக்கு ஒரே நிறத்தில் பாவாடை கேட்டோம். ஐந்து நிமிடம் உடுத்தினார்கள், அப்புறம் அது பெட்டிக்குள் போய்விட்டது. இந்த வருடம் வீட்டில் இருக்கும் துணியே போதும். பிறந்தநாளுக்கு வகுப்பு முழுக்க சாக்லேட் கொடுப்பதையும் நிறுத்துகிறோம். பிள்ளைகள் கோபித்துக்கொள்ளும், என் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

படகு போய் நாலு காசு வரும்போது அஞ்சலகத்தில் தொடர் வைப்புக் கணக்கு தொடங்கலாம். மாதம் 100 ரூபாயே போதும், ஐந்து வருடம் கட்டினால் மொத்தமாகக் கைக்கு வரும். படிவம் நிரப்ப சனிக்கிழமை காலை வாருங்கள், நான் பள்ளியில் இருப்பேன்.

முதல் நாளே காலணிக்கு அளவு எடுக்கிறோம். பிள்ளைகளைத் தவறாமல் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்