பங்கில்லாதவளிடம் எதற்குக் கையெழுத்து?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சட்டக் கேள்வி-பதில் பகுதியைப் படித்தேன். 1985இல் மணமான ஒரு சகோதரி, உயில் எழுதாமல் காலமான அப்பா தம் சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டில் தமக்குப் பங்கு உண்டா என்று கேட்டிருந்தார். “1989க்கு முன் திருமணமானவர் என்பதால் வழியில்லை” என்று தொடங்கி, “உங்களுக்கும் நகை போட்டு, சீர் செய்துதான் அனுப்பியிருப்பார்கள், சொத்தைவிட உடன்பிறந்தவர்களின் உறவு பெரிது” என்று முடித்திருந்தீர்கள். முதல் வாக்கியம் சட்டப்படி தவறு. இரண்டாவதை நாற்பது வருடமாக எங்கள் வீட்டுக் கூடத்தில் கேட்டுவருகிறேன். அச்சில் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

தாங்கள் அறியாததல்ல. பெண்ணுக்குச் சொத்தில் சமபங்கு வேண்டும் என்று செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டது 1929இல். தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்துக்கான சட்டம் வந்தது அறுபது ஆண்டு கழித்து. அதிலும் 25.3.1989க்கு முன் தாலி ஏறியவர்களுக்கு இல்லை என்றார்கள். எனக்கு 1981இல் ஏறிவிட்டது. இந்தத் தடை 2005ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்திருத்தத்தோடு போயிற்று. திருத்தம் நடைமுறைக்கு வந்த அந்த ஆண்டு செப்டம்பர் 9ஆம் தேதி அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றமும் 2020இல் வினீதா சர்மா வழக்கில் சொல்லிவிட்டது. 20.12.2004க்கு முன்பே பத்திரம் பதிந்தோ நீதிமன்றத் தீர்ப்பின்படியோ பாகம் பிரித்துவிட்ட குடும்பங்களுக்குத்தான் வழியில்லை.

ஆனால் அந்தச் சகோதரி கேட்டது பூர்வீகமே அல்லவே! அப்பாவின் சுயசம்பாத்தியம். அவர் உயில் எழுதாமல் போனால் மகன், மகள், மனைவி, தாய் எல்லோருக்கும் சமபங்கு என்று 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. மகளுக்கு எந்த வருடம் கல்யாணம் ஆயிற்று என்ற கேள்வியே அங்கு எழாது.

இதை நான் தெரிந்துகொண்ட விதத்தையும் சொல்லிவிடுகிறேன். 1994இல் அப்பா இறந்து மூன்றாம் மாதம், “பட்டா மாற்ற ஒரு கையெழுத்து” என்று அண்ணன் என்னைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். பத்திர எழுத்தர் விரலால் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். கைரேகை வைத்த மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டேன். எதிர்க்கடையில் காபி வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அண்ணி ஒரு பட்டுப்புடவையைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தார். அது விடுதலைப் பத்திரம் என்று பதினோரு வருடம் கழித்து நகல் எடுத்தபோதுதான் தெரிந்தது. பத்தாயிரம் ரூபாய் ரொக்கம் பெற்றுக்கொண்டு என் பாத்தியதையை விட்டுவிட்டதாக அதில் எழுதியிருந்தது. படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடக்கூடாது என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் நான். அதைவிட எளிய கேள்வி ஒன்றும் அன்று எனக்குத் தோன்றவில்லை. பங்கே இல்லாதவளிடம் எதற்குக் கையெழுத்து வாங்குகிறார்கள்?

இன்னொன்று. பிள்ளை இல்லாத என் சித்தி (அம்மாவின் தங்கை), கணவர் போனபின் சத்துணவுக் கூடத்தில் சமைத்து, சீட்டுக் கட்டி, இரண்டு சென்ட் மனை வாங்கியிருந்தார். உயில் எழுதவில்லை. இந்துப் பெண் அப்படி இறந்தால், அவள் உழைத்து வாங்கியதும் கணவரின் வாரிசுகளுக்கே போகும். பிறந்த வீட்டுக்கு முறை அதற்குப் பிறகுதான். கடைசி ஆறு மாதம் சித்திக்குக் கஞ்சி ஊற்றியவள் என் அம்மா. மனை, சித்தப்பாவின் அண்ணன் மகன்களுக்குப் போனது. அவர்களில் ஒருவர் துக்கத்துக்குக்கூட வரவில்லை. நாராயணி தேவி என்ற பெண்மணியின் வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றமும் இப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. உயில் எழுத முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. வெள்ளைத்தாளும் இரண்டு சாட்சிகளும் போதும் என்று தங்கள் சட்ட நிபுணர் ஒரு வரி எழுதியிருந்தால் எத்தனை சித்திகளுக்கு உதவியிருக்கும்! உறவின் பெருமையைச் சொல்லத்தான் ஆன்மிகப் பகுதி தனியாக இருக்கிறதே.

தங்களிடம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் என் வேப்பம்பூ ரசக் குறிப்பில் உப்பு ஒரு தேக்கரண்டி என்பது ஒரு மேசைக்கரண்டி என்று அச்சாகிவிட்டது. அடுத்த இதழிலேயே கட்டம் கட்டி, வருத்தம் தெரிவித்துத் திருத்தம் போட்டீர்கள். அதே அளவுக் கட்டத்தில், அதே சட்டப் பக்கத்தில், அந்தச் சகோதரிக்குப் பங்கு உண்டு என்று ஒரு திருத்தம் போடுங்கள். அவர் இன்னும் எதிலும் கையெழுத்துப் போடாமல் இருக்கக்கூடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கும்பகோணம்.