சேர்வராயன் மலையில் வரைபடம் போடும் முன்

சேலம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், ஏற்காட்டில் பூங்கா, ஏரிக்கரை, காட்சிமுனைப் பணிகளை வடிவமைக்கும் அலுவலர்களுக்கும் வணக்கம்.

மலையுச்சிக் குகைக் கோயிலில் எங்கள் சாமி சேர்வராயனும் காவேரியம்மனும் சேர்ந்திருக்கிறார்கள். அந்தக் குகை காவிரி வரை நீள்கிறது என்பது மலையாளிப் பழங்குடியினரான எங்கள் பெரியவர்களின் நம்பிக்கை. இம்மலையில் பெய்யும் மழையில் ஒரு பகுதி திருமணிமுத்தாறாகவும் சரபங்காவாகவும் இறங்கிக் காவிரியில் கலக்கிறது என்பதை நினைத்தால், அவர்கள் மலையின் நீரை எவ்வளவு நன்றாக அறிந்திருந்தார்கள் என்பது விளங்கும். மே மாதத் திருவிழாவுக்கு ஊர் ஊராக மேலேறும் எங்களுக்குக் கோயில், சுனை, ஒற்றையடிப் பாதை மூன்றும் ஒன்றே. வண்டி நிறுத்துமிடத்தையும் புல்வெளியையும் மட்டும் குறிக்கும் வரைபடத்தில் இவற்றுள் கோயில் ஒன்றே மிஞ்சும்.

1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்த பிறகு தோட்டங்கள் பெருகின, காடு அரசின் காப்புக்காடானது, சாமையும் கேழ்வரகும் விளைந்த மண்ணுக்கும் ஊற்றுக்கும் போகும் வழிகள் பல வேலிக்குள் அகப்பட்டன. அவற்றைத் திறந்துவிடுவதையே நில வடிவமைப்பின் முதல் வேலையாகக் கொள்ள வேண்டுகிறேன். அளவெடுக்க வருவோர் முதலில் ஒவ்வொரு ஊரிலும் பெரியவர்களோடும், தண்ணீர் எடுக்கப் போகும் பெண்களோடும் நடந்து, சுனைகளையும் சாமி மரங்களையும் மேய்ச்சல் தரைகளையும் அவரவர் சொல்லும் பெயரிலேயே குறிக்கட்டும். ஊற்றுகளைச் சுற்றி மண்டியிருக்கும் உண்ணிச்செடியை வேரோடு அகற்றி, நாவலும் நெல்லியும் கடுக்காயும் நடும் வேலையை எங்கள் ஊராருக்கே கூலியோடு கொடுங்கள். அலங்காரச் செடிகளுக்குச் செலவிடுவதைவிட இது மலைக்கு நல்லது.

ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் நீர்தான் கிளியூர் அருவியாக விழுகிறது. ஆகவே ஏரிக்கரையில் கல் பதிக்கும் எந்தத் திட்டமும் அருவிக்குக் கீழே உள்ளவர்களையும் கேட்காமல் முடிவாகக் கூடாது.

இது சலுகை கேட்கும் மடல் அன்று. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சமூக வன வளத்தை, அதாவது ஊரார் வழிவழியாகப் பயன்படுத்திவரும் காட்டைக் காக்கவும் மேலாண்மை செய்யவும் எங்களுக்கு உரிமை தருகிறது. அதன் 5ஆம் பிரிவு, நீர்ப்பிடிப்புப் பகுதிகளும் நீராதாரங்களும் காக்கப்படுவதை உறுதிசெய்யும் அதிகாரத்தைக் கிராம சபைக்கு அளிக்கிறது. வடிவமைப்பு முடிந்தபின் கருத்துக் கேட்பதால் இந்த உரிமை நிறைவேறாது. ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே வரைபடத்தைத் தமிழில் கிராம சபையில் வைத்து, சபையின் தீர்மானத்தைத் திட்டக் கோப்பில் சேர்க்க உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சேர்வராயன் மலை மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த ஒருவர்