வெள்ளிக்கிழமை 11 மணிக்கு

மேலூர்
ஞாயிறு ராத்திரி

மாப்ள,

இங்க எல்லாரும் நலம். சித்திரைக்கு அப்புறம் உன் போனையே எடுக்கலன்னு பாண்டிகிட்ட கத்துனியாமே. கத்து, தகும். ஆனா இது போன்ல சொல்ற விஷயம் இல்லடா.

வைகாசில குளிக்கும்போது இடது விதைக்குக் கீழ பட்டாணி அளவுக்குக் கெட்டியா கையில தட்டுப்பட்டுச்சு. வலி கிடையாது. அஞ்சு மாசம் உன் தங்கச்சிகிட்டகூடச் சொல்லல. முதல்ல காட்டுன டாக்டர் தொட்டுக்கூடப் பாக்காம “ஓதம்தான், கொசுவால வர்றது”ன்னு மாத்திரை எழுதிட்டார். நம்ம பக்கம் ஓதம், அதான் விதைப்பைல தண்ணி கோத்து வீங்குறது, நெறைய பேருக்கு உண்டு, சரி. அதுக்காகப் பாக்காமயே சொல்றதா? அந்தக் கோவம் எனக்கு இன்னும் ஆறல.

அப்புறம்தான் அவகிட்டச் சொன்னேன். அழுதா. மறுநாளே மதுரைல யூராலஜி டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போயிட்டா. அவர் ரூம் லைட்டை அணைச்சுட்டு விதைப்பைல டார்ச் வச்சார். தண்ணி கோத்திருந்தா செக்கச்செவேல்னு வெளிச்சம் ஊடுருவுமாம். என் கட்டி கருப்பாவே நின்னுச்சு. அந்த இருட்டுல சின்னவ முகம்தான் வந்துச்சு மாப்ள.

ஸ்கேன்ல முக்கியமா பாக்குறது, கட்டி விதைக்குள்ள இருக்கா, வெளிய இருக்கான்னு. உள்ள கெட்டியா இருந்தா, இல்லைன்னு தெரியுற வரைக்கும் கேன்சர்னுதான் நெனைச்சு நடப்பாங்களாம். வெளியன்னா பெரும்பாலும் ஆபத்தில்லாத கட்டி. எனக்கு வெளிய, விதைக்குப் பின்னால ஒட்டியிருக்கற எபிடிடைமிஸ்ங்கற விந்துக் குழாயோட வால் பக்கம். விதைல கேன்சர் இருந்தா ரத்தத்துல ஏறக்கூடிய ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி, எல்டிஎச் மூணும் எனக்குச் சரியா இருந்துச்சு. ஆனா அதை மட்டும் நம்பி விட முடியாதுன்னார். ஊசியால குத்தி எடுத்துப் பாக்கலாமேன்னு கேட்டேன். ஒருவேளை கேன்சரா இருந்தா, விதைப்பைத் தோல் வழியா குத்துறதே அது பரவ வழி விட்டுருமாம். அதனால தொடை இடுக்குல கீறி, விதையை மேல கொண்டுவந்து, கட்டியை மட்டும் எடுத்தாங்க. ஆபரேஷன் நடக்கும்போதே அந்தத் துண்டை உறைய வச்சுச் சீவி மைக்ரோஸ்கோப்ல பாத்துட்டாங்க. அடினோமட்டாய்டு ட்யூமராம். அபூர்வம்தான், ஆனா சாது. எடுத்துட்டா கதை முடிஞ்சது. விதை பத்திரமா இருக்கு.

இப்ப உன் விஷயம். அழகர் ஆத்துல எறங்குன அன்னைக்கு, கூட்டத்துல நின்னுக்கிட்டு “எனக்கும் அங்க ஒரு உருண்டை இருக்குடா”ன்னு சொல்லிட்டு, உடனே ஜிகர்தண்டா பக்கம் பேச்சை மாத்துனியே. எனக்கு மறக்கல. உன்னோடது வெறும் தண்ணிக்கட்டியா இருக்கலாம், குடலிறக்கமா இருக்கலாம், என்னோடது மாதிரியும் இருக்கலாம். தடவிப் பாத்து நீயா முடிவு பண்ணாத. நம்ம கூட்டாளி சேதுவும் இப்படி வெக்கப்பட்டுத்தான் டாக்டர்கிட்டப் போறதைத் தள்ளிப்போட்டான்.

பரோட்டாக்கு மட்டும் திருப்பூர்லருந்து ஓடி வர்றவன்தான நீ. வியாழக்கிழமை ராத்திரி பஸ் ஏறு. விடிகாலைல ஆரப்பாளையத்துல நிக்கிறேன். வெள்ளிக்கிழமை 11 மணிக்கு உன் பேர்ல டோக்கன் போட்டாச்சு.

உன்
கருப்பு