எந்த வீட்டில் யார் என்று தெரிந்த பிள்ளைகள்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய திட்டத்தை நேற்று ராத்திரி ஒரு தடவையும், இன்று காலை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவையும் படித்தேன். கிராமத்துப் பிள்ளைகள் 40 பேர், ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை, 10 நாள் முகாம். வரலாறு, இலக்கியம், தத்துவம், கலை எல்லாம் ஒரே கூரையின் கீழ். "சும்மா நல்லாயிருக்குன்னு எழுதிடாதேம்மா" என்று நீயே கேட்டுக்கொண்டதால் மனதில் பட்டதை எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

முதல் பக்கத்திலேயே ஒரு வரி உறுத்தியது. "வாய்ப்புக் குறைந்த மாணவர்களுக்குப் பரந்த உலகை அறிமுகப்படுத்துதல்." பணம் கொடுக்கிறவர்களுக்காக அப்படி எழுதியிருப்பாய், புரிகிறது. ஆனால் அந்த வரியோடு வகுப்புக்குள் போய்விடாதே.

நான் பத்தாவது படிக்கும்போது இப்படி ஒரு முகாமுக்கு அனுப்பினார்கள். பேச வந்தவர் பெரிய படிப்பாளி. எடுத்த எடுப்பில், "உங்கள் ஊர்களில் நூலகம் இருக்கிறதா?" என்று கேட்டார். ஒரு கையும் உயரவில்லை. அவர் எங்களைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார் பார், இரக்கச் சிரிப்பு! அதற்குப் பிறகு அன்று முழுக்க எங்களில் யாரும் வாய் திறக்கவில்லை. அவர் மூன்று மணி நேரம் பேசினார். ஆளுக்கொரு புது நோட்டுக் கொடுத்திருந்தார்கள். நான் தேதி போட்டேன், தலைப்பு எழுதி அடிக்கோடு போட்டேன், அவ்வளவுதான். மீதிப் பக்கமெல்லாம் வெள்ளையாகவே வீட்டுக்கு வந்தது.

அடுத்து உன் கால அட்டவணை. காலை 9 மணிக்கு வரலாறு, 11 மணிக்கு இலக்கியம், சாப்பாட்டுக்குப் பின் தத்துவம், மாலையில் ஓவியம். இதைப் பல்துறை என்கிறாய். ஒரே பேருந்தில் நாலு பேர் ஏறிவிட்டால் குடும்பமாகிவிடுமா? அவரவர் நிறுத்தத்தில் இறங்கிப் போய்விடுவார்கள். நாலு பாடமும் ஒரு கேள்விக்காக ஒன்றோடொன்று மல்லுக்கட்ட வேண்டும்.

நான் பல வருஷம் வகுப்பில் சொன்ன கதை உனக்கு நினைவிருக்கும். 1854 ஆகஸ்ட் கடைசி, லண்டனில் சோஹோ என்ற பகுதி, காலரா. பத்தே நாளில் ஐந்நூறுக்கு மேல் சாவு. கெட்ட காற்றால்தான் நோய் வருகிறது என்று பெரும்பாலான மருத்துவர்கள் நம்பிய காலம். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் மட்டும் பிராட் தெரு அடிபம்புத் தண்ணீரைச் சந்தேகித்தார். செப்டம்பர் 8-ஆம் தேதி பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். (அதற்குள் நோயே தணிய ஆரம்பித்துவிட்டது என்பதைச் சொல்பவர்கள் குறைவு.) பிறகு ஸ்னோ, ஒவ்வொரு சாவுக்கும் ஒரு கறுப்புக் கோடு என்று தெருப்படத்தில் போட்டுக் காட்டினார். கதை இங்கே முடிந்துவிடும், பாடப் புத்தகத்தில்.

எனக்குப் பிடித்தது அதற்கப்புறம் வருகிற ஆள். ஹென்றி ஒயிட்ஹெட், அந்தப் பகுதித் தேவாலயத்தின் உதவிப் பாதிரியார், முப்பது வயதுகூட ஆகாதவர். ஸ்னோ சொன்னதை அவர் நம்பவில்லை. பொய்யென்று காட்டத்தான் வீடு வீடாகப் புறப்பட்டார். எந்த வீட்டில் யார் இருந்தார்கள், யார் செத்தார்கள், யார் எங்கே போய்விட்டார்கள் என்றெல்லாம் ஏற்கெனவே தெரிந்தவர். விசாரிக்க விசாரிக்க அவருடைய எண்ணமே மாறிப்போனது. கடைசியில் 40-ஆம் எண் வீட்டுக் கைக்குழந்தையில் வந்து நின்றார். எல்லோருக்கும் முன்னால் நோயில் விழுந்தது அந்தக் குழந்தை. அதன் துணிகளை அலசிய தண்ணீரைத் தாய் வீட்டு முன்புறக் கழிவுக்குழியில் ஊற்றியிருக்கிறாள். தோண்டிப் பார்த்தால் குழிக்கும் பம்புக் கிணற்றுக்கும் இடையே 3 அடிகூட இல்லை, செங்கல் கட்டு உளுத்துப்போய்க் கசிந்துகொண்டிருந்தது.

படம் போட ஒரு மருத்துவர் போதும். குழந்தையைப் பறிகொடுத்தவளிடம் போய், துணி அலசிய தண்ணீரை எங்கே ஊற்றினாய் என்று கேட்க, அவளுக்குத் தெரிந்த முகம் வேண்டும்.

அதே தெருவில் பீர் ஆலை ஒன்று இருந்தது. 70 பேருக்கு மேல் வேலை செய்தார்கள், ஒருவர்கூடச் சாகவில்லை. ஏன் என்று மட்டும் கேட்டுவிட்டு நான் பேசாமல் நிற்பேன். ஒரு வருஷம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண், "அவங்க பம்புத் தண்ணியே குடிக்கலையா டீச்சர்?" என்றாள். அதேதான். ஆலை பீரும் சொந்தக் கிணறும் இருக்கும்போது அவர்கள் ஏன் பம்புக்கு வரப்போகிறார்கள்? இன்னொருத்தன், "இது சயின்ஸா, சோஷியலா?" என்றான். பதில் சொல்லவில்லை நான். நீயும் சொல்லாதே.

உன்னிடம் வரப்போகிற 40 பேரும் ஒயிட்ஹெட்டுகள். எந்தக் கிணறு எந்த வருஷம் உப்பானது, எந்த வீடு ஏன் பூட்டிக் கிடக்கிறது, யாரும் யாரும் ஏன் பேசிக்கொள்வதில்லை, எல்லாம் தெரிந்தவர்கள். நீயோ மூன்றாம் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு, "உள்ளூர் வரலாறு, 1 மணி நேரம்" என்று போட்டிருக்கிறாய். கண் சொருகுகிற நேரம் அது. அதை முதல் நாள் காலைக்குக் கொண்டு வா. கடைசி நாள் வரை விடாதே.

வீட்டிலிருந்து ஆளுக்கொரு பழைய காகிதம் கொண்டுவரச் சொல். நான் ஒருமுறை அப்படிச் சொன்னபோது ஒரு பையன் நிலப்பத்திரத்தின் நகலை மடித்துச் சட்டைப்பையில் கொண்டுவந்தான். மடிப்பில் எழுத்து அழிந்திருந்தது. நான்கெல்லை சொல்லும் இடத்தில் "தெற்கே பெரிய மரம்" என்று இருந்தது. அந்த மரம் இப்போது இல்லை. எங்கே இருந்தது என்பதில் அரை நாள் சண்டை. கரும்பலகையில் மூன்று வரைபடம் போட்டார்கள், மூன்றும் வேறு வேறு. கடைசியில் ஒருத்தி கேட்டாள்: "மரம்தான் எல்லைன்னா, மரம் விழுந்தப்போ எல்லையும் விழுந்துடுச்சா?" உன் அட்டவணையில் தத்துவம் என்று இருக்கிற கட்டத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது.

ஒரு எச்சரிக்கை. பத்திரம் என்றால் பங்காளிச் சண்டையும் கூடவே வரும். நகல் மட்டும் போதும், வீட்டில் கேட்டுவிட்டு எடுத்து வரட்டும், சுவரில் ஒட்டிக் கண்காட்சி வைக்காதே. பெரியவர்களிடம் பேசி எழுதுகிற பயிற்சியிலும் அப்படித்தான், போனில் பதிவு செய்வதற்கு முன் சம்மதம் கேட்கப் பழக்கு. ஒரே வெள்ளத்துக்கு இரண்டு பாட்டிகள் இரண்டு வருஷம் சொல்வார்கள். இரண்டையும் எழுதி வைத்துக்கொண்டு, எதை நம்பலாம், எதைக்கொண்டு சரிபார்க்கலாம் என்று பிள்ளைகளே யோசிக்கட்டும். பாட்டிகளைத் திருத்தப் போகவேண்டாம்.

விடுமுறையில் வைப்பது நல்லது என்று நினைக்கிறாய். விடுமுறையில்தான் பாதிப் பிள்ளைகளுக்கு வயல் வேலை. அறுவடையைக் கேட்டுக்கொண்டு தேதி வை. பெண் பிள்ளைகள் இருட்டுவதற்குள் வீடு சேர வண்டி இல்லையென்றால் இரண்டாம் நாளே எண்ணிக்கை குறையும். அதை ஆர்வமின்மை என்று அறிக்கையில் எழுதிவிடாதே.

பெற்றோர் "இதனால என்ன கிடைக்கும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கல்லூரி இடம், வேலை என்று ஆசை காட்டாதே. தெரியாத ஒரு பக்கத்தைப் பயமில்லாமல் படிக்க வரும், சொல்வதற்கு ஆதாரம் காட்டி எழுத வரும் என்று சொல். சிலர் அதைக் கேட்டுவிட்டு அனுப்பமாட்டார்கள். பரவாயில்லை.

பள்ளிக்கு ஒரு ஆசிரியரையாவது கூடவே உட்கார வை. பதினோராம் நாள் நீ இருக்கமாட்டாய், அவர் இருப்பார். நான் போன முகாமில் "சந்தேகம் இருந்தால் எழுதுங்கள்" என்று முகவரி கொடுத்தார்கள். எழுதினேன். பதில் வரவில்லை. நான்கு மாதம் தபால்காரரைப் பார்க்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடியிருக்கிறேன். உன் திட்டத்தில் பிள்ளைகளின் கடிதங்களுக்குப் பதில் எழுத யாருக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறாய் என்று தேடிப் பார்த்தேன், எங்கும் இல்லை. அதை முதலில் சேர்.

இரண்டு நாள் நானும் வருகிறேன். மேடை வேண்டாம், கடைசி பெஞ்ச் போதும்.

அந்த நோட்டை உனக்குக் காட்டலாம் என்று அலமாரியெல்லாம் தேடிவிட்டேன், காணோம். பரண் மேல் இருக்கும். நாளைக்கு ஏறிப் பார்க்கிறேன். திட்டாதே, ஸ்டூலை அப்பாவைப் பிடிக்கச் சொல்லிவிட்டுத்தான் ஏறுவேன்.

அன்புடன்,
அம்மா