கல்யாணப் பத்திரிகையைக் காப்பாற்றியவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

போன மாதம் என் டிடிபி கடையில் இருக்கும் ஒரே கணினி இரண்டு நாள் படுத்துக் கிடந்தது. அதை எழுப்பி உட்காரவைத்தவர்கள் யாரும் என்னிடம் ஒரு பைசா வாங்கவில்லை. ஒருவருக்கு டீ கூட வாங்கிக் கொடுக்க முடியவில்லை, அவர் இருப்பது வேறு ஊரில். நேரில் சொன்ன நன்றி போதாது என்று மனசு குறுகுறுத்துக்கொண்டே இருந்ததால் இந்த மடல். நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இதே பள்ளத்தின் விளிம்பில் வேறு யாராவது நின்றுகொண்டிருக்கலாம்.

கடைக் கணினியில் டெபியன் 11 வைத்திருந்தேன், விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸ் இயங்குதளம். படம் வரைய இங்க்ஸ்கேப், பக்கம் அமைக்க ஸ்க்ரைபஸ், தட்டச்சுக்கு லிப்ரே ஆபீஸ், மூன்றும் இருந்தால் என் பிழைப்பு ஓடிவிடும். டெபியன் 12 வெளிவந்தது 2023 ஜூன் 10. முகூர்த்த சீசன் முடியட்டும், தேர்வு சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் துணிந்தேன். மறுநாள் 400 கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போக வேண்டும் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தாலும் 'ஒரு மணி நேர வேலைதானே' என்றிருப்பேன். மென்பொருளை எங்கிருந்து இறக்குவது என்று சொல்லும் சோர்ஸஸ் பட்டியலில் புல்ஸ்ஐ (11-இன் பெயர்) என்று இருந்த இடத்திலெல்லாம் புக்வோர்ம் (12-இன் பெயர்) என்று மாற்றி, ஃபுல் அப்கிரேட் கட்டளையைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் திரை முழுக்கப் பிழை.

முதல் நன்றி, இதைப் படித்தால் சிரிக்கப்போகும் ஒருவருக்கு. கணினி சர்வீஸ் செய்யும் எங்கள் தெரு அண்ணன். போன் போட்டதும் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்தார். "கெர்னல் பேக்கேஜோட போஸ்ட்இன்ஸ்ட் ஸ்கிரிப்ட்தான் எர்ரர்னு கத்துது. வாயை அடைச்சா தீர்ந்துச்சு" என்றார். கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையக் கரு, பேக்கேஜ் என்பது மென்பொருள் பொட்டலம், போஸ்ட்இன்ஸ்ட் என்பது அந்தப் பொட்டலத்தை இறக்கியதும் ஓடும் சிறு நிரல். பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜி என்ற கருவியின் இன்ஃபோ அடைவுக்குள் போய், கெர்னலுக்கு ஒன்று, அதன் ஹெடருக்கு (வெளி டிரைவர்களைக் கட்டத் தேவையான கோப்புகள்) ஒன்று என்று இரண்டு ஸ்கிரிப்ட்டைத் திறந்து, இரண்டிலும் இரண்டாவது வரியில் 'எக்ஸிட் 0' என்று எழுதினார். அதாவது, வேலை எதுவும் செய்யாதே, 'எல்லாம் நலம்' என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வா. டிபிகேஜி கான்ஃபிகர் கட்டளையை மறுபடி ஓட்டினோம். பாக்கி இருந்த பேக்கேஜ் எல்லாம் மளமளவென்று முடிந்தது, ஒரு பிழை இல்லை. பஜ்ஜி வரவழைத்துச் சாப்பிட்டோம். அவர் கிளம்பிய பிறகு ரீஸ்டார்ட் கொடுத்தேன்.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து: 'கெர்னல் பேனிக். அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ்.' வட்டைத் திறக்க முடியவில்லை என்று சொல்லி அப்படியே உறைந்து நின்றது.

அண்ணே, உங்கள் மேல் எனக்கு வருத்தம் துளியும் இல்லை. அந்த ஒரு வரியை நீங்கள் போட்டிருக்காவிட்டால் இந்த ஸ்கிரிப்ட்கள் என்னதான் செய்கின்றன என்பது எனக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது. பஜ்ஜிக் காசு இன்னும் என் கணக்கில்தான் இருக்கிறது.

அடுத்து, மாடி வீட்டுத் தம்பி. பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்ததைப் படியில் இறங்கும்போது பார்த்துவிட்டு உள்ளே வந்தான். கணினியை அணைத்துப் போட்டு, எந்தக் கெர்னலில் தொடங்குவது என்று கேட்கும் க்ரப் மெனு வந்த அந்த ஐந்து நொடிக்குள் அம்புக்குறியைத் தட்டி, 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே போய், பழைய 5.10 கெர்னலைத் தேர்ந்தெடுத்தான். டெஸ்க்டாப் வந்தது! பத்திரிகை ஃபைல்கள் அத்தனையும் இருந்தன. புதிய கெர்னல் வரும்போது பழையதை டெபியன் உடனே தூக்கி எறிவதில்லை என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். அந்த ஏற்பாட்டைச் செய்துவைத்த புண்ணியவான் யாரோ, அவருக்கும் ஒரு கும்பிடு.

"இதுக்கு மேல எனக்குத் தெரியாது அண்ணா, எங்க சீனியர் அக்காகிட்ட கேட்கலாம்" என்று தம்பி போன் போட்டுக் கொடுத்தான். அந்த அக்கா இப்போது பெங்களூரில் வேலையில் இருக்கிறார். ராத்திரி ஒன்பதரைக்கு ஆரம்பித்த பேச்சு பதினொன்றே கால்வரை போனது. பெங்களூர் அம்மா, இந்த மடலில் பாதி உங்களுக்குத்தான்.

அவர் கேட்ட முதல் கேள்வி: "அண்ணா, முதல் பிழை என்ன?"

நான் கடைசி வரியைப் படித்தேன். 'டிபெண்டன்சி பிராப்ளம்ஸ், லீவிங் அன்கான்ஃபிகர்டு.' அது பிழை இல்லை என்றார், பின்விளைவு. முன்னால் நின்றவர் விழுந்ததால் பின்னால் நின்றவரும் விழுந்தார், அவ்வளவுதான். முதலில் விழுந்தது யார் என்று பார்க்க, அப்கிரேடை நடத்தும் ஆப்ட் கருவியின் லாக் அடைவில் இருக்கும் டெர்ம் லாக் கோப்பைத் திறக்கச் சொன்னார். டெர்மினலில் ஓடியது முழுக்க அதில் பதிவாகிறது, திரையில் மேலே போய் மறைந்ததும் சேர்த்து. கீழிருந்து மேலாக ஒவ்வொரு பிழையாகப் படித்துக்கொண்டே போனேன். அவர் "இன்னும் மேல... இன்னும் மேல..." என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் ஒரு வரி வந்தது: 'ரன் பார்ட்ஸ்... டிகேஎம்எஸ் எக்ஸிட்டட் வித் ரிட்டர்ன் கோட் 11.'

"அதான் அண்ணா. நிறுத்துங்க" என்றார்.

பிறகு அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். பேக்கேஜ் வருவது புது வீட்டுக்குக் குடிபோவது மாதிரி. லாரியில் வந்த சாமானை இறக்கி வைப்பது ஒரு வேலை, பால் காய்ச்சி அடுப்பைப் பற்றவைத்துக் குடித்தனம் தொடங்குவது இன்னொரு வேலை. இறக்கி வைப்பதற்கு அன்பேக் என்று பெயர், அதை டிபிகேஜியே செய்துவிடும். பால் காய்ச்சுவது அந்தந்த பேக்கேஜோடு வரும் போஸ்ட்இன்ஸ்ட் ஸ்கிரிப்ட்டின் பொறுப்பு. என் கணினியில் கெர்னல் சாமான் இறங்கிவிட்டது, பால் காய்ச்சவில்லை. டிபிகேஜி பட்டியலில் முதல் இரண்டு எழுத்து 'ஐஐ' என்று இருந்தால் குடித்தனம் ஆகிவிட்டது, 'ஐஎஃப்' என்றால் பாதியில் நிற்கிறது. அண்ணன் போட்ட வரி, அடுப்பே பற்றவைக்காமல் பால் பொங்கிவிட்டது என்று டிபிகேஜியிடம் சொல்லிவிட்டது. அதுவும் நம்பி 'ஐஐ' என்று குறித்துக்கொண்டது.

அந்தக் கெர்னல் போஸ்ட்இன்ஸ்ட், தன் முறை வந்ததும் ஓர் அடைவில் இருக்கும் சிறு சிறு ஸ்கிரிப்ட்களைப் பெயர் வரிசையில் ஒவ்வொன்றாக ஓட்டும். முதலில் டி-யில் தொடங்கும் டிகேஎம்எஸ், வெளி டிரைவர்களைக் கட்டித் தருவது. அடுத்து ஐ-யில் தொடங்கும் இனிட்ராம்எஃப்எஸ். க்ரப்பைப் புதுப்பிக்கும் ஸ்கிரிப்ட்டின் பெயருக்கு முன்னால் வேண்டுமென்றே இரண்டு இசட் போட்டிருக்கிறார்கள், கடைசியில் வரட்டும் என்று. வரிசையில் ஒன்று தோற்றால் அதோடு எல்லாம் நிற்கும். டிகேஎம்எஸ் தோற்றதால் இனிட்ராம்எஃப்எஸ் தன் வேலையைத் தொடங்கவே இல்லை. வட்டைப் படிக்கத் தேவையான டிரைவர்களை எடுத்துக்கொண்டு கெர்னலுக்கு முன்னால் நிற்கவேண்டிய இனிட்ஆர்டி என்ற கோப்பு உருவாகவில்லை. ஆனால் மீதி அப்கிரேடில் க்ரப் பேக்கேஜும் வந்ததால், அது தன் பங்குக்குப் புதிய கெர்னலை மெனுவில் முதலிடத்தில் வைத்துவிட்டது. அதனால்தான் அந்தக் கறுப்புத் திரை.

சரி, டிகேஎம்எஸ் ஏன் தோற்றது? இங்கேதான் நான் வெட்கப்படவேண்டிய இடம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மலிவாக ஒரு யூஎஸ்பி வைஃபை குச்சி வாங்கினேன். டெபியனோடு வந்த டிரைவர் அதற்கு ஒத்துவரவில்லை. எங்கிருந்தோ மூல நிரலை இறக்கி டிகேஎம்எஸ்ஸில் சேர்த்துவிட்டேன். கெர்னல் மாறும்போதெல்லாம் வெளி டிரைவர்களை அது தானே மறுபடி கட்டிக் கொடுக்கும். நானும் அதைச் செய்ததையே மறந்துவிட்டேன். 5.10 கெர்னலுக்குள் சின்னச் சின்ன அப்டேட்கள் வந்தபோது ஒன்றும் ஆகவில்லை. டெபியன் 12 கொண்டுவந்தது 6.1 கெர்னல். டிரைவர் கட்டும்போது நடந்ததைப் பதியும் மேக் லாக் என்ற கோப்பைத் திறந்து படிக்கச் சொன்னார் அந்த அம்மா. 'இம்ப்ளிசிட் டெக்லரேஷன் ஆஃப் ஃபங்ஷன்', அதாவது அறிமுகமே இல்லாத செயற்கூறு என்று சொல்லி, பிடிஇ டேட்டா என்ற ஒரு பெயர் அதில் இருந்தது.

கெர்னலுக்குள் இருக்கும் அந்தச் செயற்கூறின் பெயர் 5.16 கெர்னல்வரை பெரிய எழுத்தில் இருந்ததாம். 5.17-ல் அதைச் சின்ன எழுத்துக்கு மாற்றிவிட்டார்கள். பெயர் அதே, உச்சரிப்பு அதே, எழுத்தின் உயரம் மட்டும் குறைந்திருக்கிறது. அதற்குத்தான் என் கடை இரண்டு நாள் மூடிக் கிடந்தது. நம் மொழியில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற தகராறே கிடையாது என்பதை நினைத்து அன்றிரவு கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டேன். ஆனால் ணகர னகரத்தில் பிழை விட்ட பத்திரிகைக்காக நானும் ஒருமுறை 300 அட்டையைக் கிழித்துப் போட்டவன்தான்.

சிகிச்சை பத்து நிமிடம்கூட ஆகவில்லை. டிகேஎம்எஸ் பட்டியலிலிருந்து அந்த டிரைவரை எல்லாக் கெர்னலுக்கும் நீக்கினேன். இரண்டு ஸ்கிரிப்ட்டிலும் அந்த எக்ஸிட் வரியை அழித்தேன். மறுபடி டிபிகேஜி கான்ஃபிகர் ஓட்டப் போனவனை அம்மா தடுத்தார்: "ஐஐன்னு போட்டிருக்கே, அது முடிஞ்ச வேலைன்னு நினைச்சு ஒண்ணும் செய்யாது அண்ணா. ரீகான்ஃபிகர் கொடுங்க." கொடுத்தேன். 'ஜெனரேட்டிங் இனிட்ஆர்டி' என்ற வரி வந்தது. சற்றுப் பொறுத்து 'ஃபவுண்ட் லினக்ஸ் இமேஜ்', அதன் கீழே 'ஃபவுண்ட் இனிட்ஆர்டி இமேஜ்'. ரீஸ்டார்ட். உள்ளே வந்தது.

இதையெல்லாம் திரும்பத் திரும்ப ஓட்டுகிறோமே, எதுவும் இரட்டிப்பாகிவிடாதா என்று கேட்டேன். இந்த ஸ்கிரிப்ட்களை எத்தனை முறை ஓட்டினாலும் முடிவு ஒன்றாகவே இருக்கவேண்டும் என்பது டெபியன் கொள்கை ஏட்டில் எழுதிவைத்த விதி என்றார். பாதியில் கரண்ட் போனாலும் மறுபடி தொடங்கலாம். இன்னொன்றும் சொன்னார். அப்கிரேடின்போது, பழைய பேக்கேஜின் நீக்கும் ஸ்கிரிப்ட் தோற்றுவிட்டால், டிபிகேஜி புதிய பேக்கேஜின் ஸ்கிரிப்ட்டைக் கூப்பிட்டு 'நீயாவது சமாளிக்கிறாயா' என்று கேட்குமாம். பழைய பதிப்பில் விட்ட தப்பைப் புதிய பதிப்பு திருத்திக்கொள்ள வழி. கல்யாண வீட்டில் மூத்த மாப்பிள்ளை முறுக்கிக்கொண்டால் இளையவரை அனுப்புவதில்லையா, அப்படி.

முகம் தெரியாதவர்கள் சிலருக்கும் கடன்பட்டிருக்கிறேன். 1993 ஆகஸ்டில் டெபியனைத் தொடங்கிய இயன் மர்டாக், தன் காதலி டெப்ராவின் பெயரோடு தன் பெயரைச் சேர்த்துத்தான் அந்தப் பெயரை வைத்தார். 2015 டிசம்பரில் போய்ச் சேர்ந்துவிட்டார். டிபிகேஜியை சி மொழியில் திருப்பி எழுதிய இன்னொரு இயன், இயன் ஜாக்சன். அப்புறம், டெபியன் 12-க்கான வெளியீட்டுக் குறிப்பை எழுதியவர்கள். அப்கிரேடுக்கு முன் வெளிப் பேக்கேஜ்களை எடுத்துவிடுங்கள், முதலில் குறைந்த அளவில் அப்கிரேட் செய்துவிட்டுப் பிறகு முழுசாகச் செய்யுங்கள், நடப்பதையெல்லாம் ஸ்கிரிப்ட் என்ற கட்டளையால் பதிவு செய்துகொள்ளுங்கள் என்று வரிக்கு வரி எழுதியிருக்கிறார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் படித்தேன். மன்னிக்கவும்.

பெண் வீட்டார் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வாசலில் வந்து நின்றார்கள். விஷயத்தைச் சொன்னதும் பெண்ணின் அப்பா, "கம்ப்யூட்டருக்கும் ஜுரம் வரும் தம்பி, செவ்வாய்க்கிழமை வாங்கிக்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். வேறு கடைக்குப் போயிருக்கலாம், போகவில்லை. ஐயா, 400 கேட்டீர்கள், 410 வைத்திருக்கிறேன்.

வைஃபை குச்சிக்குப் புதிய டிரைவர் கிடைக்கும், எழுத்தைச் சின்னதாக்கிய பதிப்பும் இருக்கிறது என்று அம்மா சொன்னார். நான் 15 மீட்டர் லேன் கேபிள் வாங்கி சுவரோரமாக அடித்துவிட்டேன். குச்சி மேசை டிராயரில் தூங்குகிறது.

மாடி வீட்டுத் தம்பி, அன்று இன்டர்நெட்டுக்காக உன் போனை என் கணினியில் மாட்டிய யூஎஸ்பி ஒயர் இங்கேயேதான் இருக்கிறது. மேசை மேல், ஸ்டேப்ளருக்குப் பக்கத்தில். கடை ராத்திரி ஒன்பது வரை திறந்திருக்கும், வந்து எடுத்துக்கொள்.

அன்புடன்,
உங்கள் டிடிபிக்காரன்