தவளைக்கு ஒரு கடிதம்

டேய் தவளை,

இத்தனை நாள் பதில் போடாததற்குத் திட்ட வேண்டியதைத் திட்டிவிட்டு மேலே படி. இங்கே எல்லாரும் சௌக்கியம், என் முழங்கால் வலி உட்பட.

கடலில் ஐந்து கிலோமீட்டர் நீந்தப் பெயர் கொடுத்துவிட்டாயாமே! மாஸ்டர் சொன்னார். முதலில் சந்தோஷப்பட்டேன். அப்புறம் உன் பிடிவாதம் ஞாபகம் வந்து தூக்கம் போயிற்று.

நீ மணிக்கு மூன்று கிலோமீட்டர் நீந்துகிறாய், குறுக்கே ஒரு கிலோமீட்டர் வேகத்தில் நீரோட்டம் என்று வைத்துக்கொள். பாதையைக் காட்ட நங்கூரம் போட்டிருக்கும் மிதவையையே குறிவைத்துப் போனால், தலை தூக்கும்போதெல்லாம் அது ஒரு பக்கம் தள்ளியிருக்கும். நீயும் திரும்பித் திரும்பி, கடைசியில் ஓட்டத்துக்கு நேர் எதிரே மல்லுக்கட்டுவாய். தொடக்கத்திலேயே ஓட்டம் வரும் பக்கமாக இருபது டிகிரி திரும்பிக்கொள். கோணலாகப் போவதுபோல் இருக்கும். போகிற வழி நேராகத்தான் இருக்கும்.

கரையில் இரண்டு அடையாளம் பிடி. கிட்டத்தில் ஒரு கம்பம், அதன் பின்னால் தூரத்தில் ஒரு கோபுரம். கம்பம் கோபுரத்துக்கு இடப்பக்கம் நகர்ந்தால் நீ வலப்பக்கம் அடித்துச் செல்லப்படுகிறாய். பார்ப்பதற்குக் கண் மட்டும் தண்ணீருக்கு மேலே வந்தால் போதும். உன் வழக்கப்படி தலையை முழுக்கத் தூக்கினால் இடுப்பு இறங்கிவிடும்.

மிதவையைச் சுற்றும்போதும் கவனம். ஓட்டம் மோதும் பக்கம் தண்ணீர் புடைத்திருக்கும், மறுபக்கம் நுரை நீண்டுகொண்டு போகும். புடைத்த பக்கத்தில் ஒட்டிப் போனால் நங்கூரக் கயிற்றோடு சேர்த்து அமுக்கிவிடும். தள்ளியே சுற்று.

1875இல் மாத்யூ வெப் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார் இல்லையா, கரைக்குக் கரை 33 கிலோமீட்டர்தான். ஓதம், அதாவது கடல் ஏறி இறங்கும் ஓட்டம், அவரை இப்படியும் அப்படியும் தள்ளியதில் நீந்திய பாதை 60ஐத் தாண்டியது. 21 மணி 45 நிமிடம்! அவருக்கே அந்தக் கதி, நீ எம்மாத்திரம்?

விளையாட்டு போதும். கரையோரம் அலை உடையாமல் ஒரு இடம் மட்டும் அமைதியாக இருந்தால் அங்கே இறங்காதே. அலை கொண்டுவந்த தண்ணீர் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் கடலுக்குத் திரும்பும். வேகம் பிடித்தால் வினாடிக்கு இரண்டரை மீட்டர்கூட ஓடும். நூறு மீட்டர் நீச்சலில் உலக சாதனைக்காரருக்கே சராசரி இரண்டு மீட்டர் சொச்சம்தான். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நீந்தாதே. அது ஆளை வெளியே இழுக்குமே தவிர அடியில் இழுக்காது. மிதந்துகொண்டு கையைத் தூக்கிக் காட்டு. தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வா. பல இழுப்புகள் அகலம் குறைந்தவைதான்.

உன்னோடு படகில் வருவது யார்? அன்றைக்கு ஓதம் எத்தனை மணிக்குத் திரும்புகிறது? இரண்டுக்கும் பதில் எழுது. இதெல்லாம் நான் எழுதியதாக மாஸ்டரிடம் சொல்லிவிடாதே, "வாயாலேயே நீந்துகிறவன்" என்று ஆரம்பித்துவிடுவார்.

உன்,
கல்லு