ஒரு சடை போன கதை

கோத்தகிரி,
ஞாயிறு இரவு

அன்புள்ள மல்லி,

தீபாவளிக்கு நீ அனுப்பிய முறுக்கு தீர்ந்த பிறகுதான் எழுதுகிறேன், திட்டாதே. ஐப்பசி மழை விட்டபாடில்லை. அம்மாவின் முழங்கால் அப்படியேதான். சரி, விஷயத்துக்கு வருகிறேன். என்னால் ஒரு பிள்ளையின் முடி போய்விட்டதடி.

போன வாரம் கிரவுண்டு முழுக்கச் சேறு. பி.டி. பீரியடில் வகுப்பிலேயே உட்காரவைத்து ஃபுட்பால் கோச் நம்ம சரீனா வீக்மன் கதையை எடுத்துவிட்டேன். ஆறு வயதில் இரட்டைச் சகோதரனோடு பந்தாட ஆரம்பித்தவள், பெண் பிள்ளைகளைச் சேர்க்காத காலத்தில் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு பையன்களோடு ஆடினாள், பிறகு நெதர்லாந்துக்கே கேப்டன், பி.டி. டீச்சர் வேலையும் பார்த்தாள் என்றேன். "உங்கள மாதிரியா டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. 2017-ல் நெதர்லாந்தையும் 2022, 2025-ல் இங்கிலாந்தையும் பெண்கள் ஃபுட்பாலில் ஐரோப்பிய சாம்பியனாக்கியது வரை அளந்தேன். (2022 ஃபைனலில், லண்டன் வெம்பிளி மைதானத்தில் ஜெர்மனியை 2-1 என்று சாய்த்த அன்று, இறந்துபோன சகோதரியின் பிரேஸ்லெட்டை அவள் முத்தமிட்டதைப் பார்த்து நீ போனில் அழுததை மட்டும் சொல்லவில்லை.)

கோப்பையெல்லாம் எவள் காதிலும் ஏறவில்லை. ஏறியது முடிதான்.

திங்கட்கிழமை ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வந்து நிற்கிறாள். இவளுக்கும் இரட்டைத் தம்பி உண்டு, வெட்டியவன் அவன்தான். இடது பக்கம் எலி கடித்த மாதிரி இருந்தது. பின்னாலேயே அவள் அம்மா, இலை பறிக்க இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட அவிழ்க்காமல். பேப்பரில் சுற்றியிருந்ததை என் மேஜையில் வைத்தாள். ரிப்பனோடு முழுச் சடை.

கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. "வயசுக்கு வந்துட்டா எப்படியும் நிறுத்தத்தான் போறோம். அதுக்குள்ள எதுக்கு டீச்சர் ஆசை காட்டுறீங்க?" என்றாள்.

பத்தாவதில் உன்னை நிறுத்தியபோது உன் அம்மா பேசியதும் இதே குரலில்தான் மல்லி. அன்றும் எனக்கு வாய் வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "அந்தம்மாவுக்குக் குடும்பம் இருக்கா?" என்று கேட்டாள். ரெண்டு பொண்ணுங்க என்றேன். ஒன்றும் சொல்லாமல் சடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் பிள்ளை வந்தாள், முடியை யாரோ ஒழுங்காகச் சமமாக வெட்டிவிட்டிருந்தார்கள். காலில் தம்பியின் ஷூ, முன்பக்கம் துணி அடைத்து. மழை கொஞ்சம் விட்டதும் சேற்றிலேயே இறங்கிவிட்டாள்.

உன் மகளுடைய பழைய பூட்ஸ் பரணில் கிடக்கிறது என்றாயே, சைஸ் மூன்றா நான்கா? எதுவானாலும் பஸ்ஸில் போட்டுவிடு. கஞ்சத்தனம் பண்ணாதே.

உன்,
ஓட்டைக்கை